பழைய சில்லும் புதிய வலுவும்

மாலை வேளையில் ஆளியை அழுத்தியதும் வீடு ஒளி பெறுகின்றது. அவ்வொளி எங்கிருந்து வந்ததென எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. விளக்கு அணைந்தால் மட்டும் வினா எழுகின்றது. ஆதலின் இவ்வாரம், அவ்வொளியின் பிறப்பிடங்களுள் ஒன்றான மலைநாட்டிற்கு நேயர்களை அழைத்துச் செல்ல விழைகின்றோம்.

கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்தே களனி கங்கை ஆகின்றது. இம்மலையாறுகளின் நீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாமென 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் எண்ணம் கைகூட முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1950இல் பழைய லக்ஷபானா மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1958இல் அது விரிவுபெற்றபோது அதன் மொத்த ஆற்றல் 50 மெகாவாட்.

மனிதருக்கு மூப்பு வருதல்போல இயந்திரத்திற்கும் மூப்பு உண்டு. அங்கே நீரானது 400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கி, பெல்ற்றன் சில்லின் விளிம்பிலுள்ள கிண்ணங்களிற் பெருவேகத்தோடு மோதுகின்றது. மழைநீரோடு கலந்துவரும் நுண்மணல் உறுதிமிக்க உருக்கையும் சிறிது சிறிதாக அராவிவிடும். கிண்ணத்தின் வடிவம் கெட்டால், அதே அளவு நீர் குறைந்த மின்சாரத்தையே தரும். மின்பிறப்பாக்கியின் செப்புச் சுருள்களைப் போர்த்தியுள்ள காப்பும் வெப்பத்தாலும் அதிர்வாலும் நாளடைவில் வலுவிழக்கும். அது பழுதுற்றால் இயந்திரம் நெடுநாள் நின்றுவிடவும் கூடும்.

எனவே தேய்ந்த கிண்ணங்களை உலோகம் உருக்கி நிரப்பி, மீண்டும் அராவி ஒழுங்கு செய்வர், காப்பைச் சோதிப்பர், அதிர்வை அளப்பர். இவற்றை மழை குறைந்த காலத்திலேயே முடித்தல் வேண்டும். அடைமழையில் இயந்திரம் நின்றால், தேக்க இடமற்ற நீர் அணையைத் தாண்டி வீணே ஓடிவிடும்.

ஆயினும், பழுதுபார்த்தல் மட்டும் என்றும் போதாது. அண்மைக் காலத்தில் பழைய லக்ஷபானாவின் முதல் மூன்று இயந்திரங்களும் புதுப்பிக்கப்பட்டன. ஒவ்வொன்றின் ஆற்றலும் ஏறத்தாழ 8.3 மெகாவாட்டிலிருந்து 9.6 ஆக உயர்ந்தது. 1974இல் 100 மெகாவாட்டோடு தொடங்கிய புதிய லக்ஷபானாவும் புதுப்பித்தலின் பின் ஏறத்தாழ 115 மெகாவாட் ஆற்றல் பெற்றது. இதற்கென வேறோர் அணை எழவில்லை. வேறோர் ஊர் மூழ்கவுமில்லை.

ஊர் மூழ்குதல் என்பது சிறு செய்தியன்று. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும் காலங்களிற் பழைய மஸ்கெலியா நகரின் கோயில் எச்சங்கள் நீருக்குமேல் தலைகாட்டும். நாடு ஒளிபெறும் பொருட்டு அந்நகர் நீருக்கு விடப்பட்டது. கெனியன் மின்னிலையத்தைக் கடந்து புதிய லக்ஷபானாவின் சில்லைச் சுழற்றுவது அத்தேக்கத்து நீரேயாம். அத்துணை விலை கொடுத்துத் தேக்கிய நீரைத் தேய்ந்த சில்லொன்றின்மேல் வீணாக்குதல் தகுமோ?

மழை பொய்த்த ஆண்டுகளில், பிறநாட்டிலிருந்து எண்ணெய் வாங்கி எரித்தே விளக்கேற்ற நேர்கின்றது. அப்போது ஒவ்வொரு துளி நீரும் பொன்னாகும். புதிய அணை திறக்கும் நாளில் மாலையும் மேளமும் உண்டு. கிண்ணத்தின் தேய்வை நிரப்பிய தொழிலாளிக்கு அவை இல்லை. பொறியியல் கற்க விரும்பும் மாணவர்கள் ஒன்றை மனங்கொள்க: புதியதை ஆக்குதல் பெருமையே, முன்னோர் ஆக்கியதைக் காத்து வளர்த்தலும் அதற்குக் குறைந்த பெருமையன்று.