பச்சிலைப் பெயரும் முகங்கழுவும் பண்டமும்

இக்காலத்துக் கடைவீதிகளில் 'பேஸ் வாஷ்' எனப்படும் முகங்கழுவுந் திரவங்கள் மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் பல, வேம்பு, கற்றாழை, மஞ்சள் முதலியவற்றின் படங்களைத் தாங்கி, 'முற்றுந் தாவரப் பொருள். இரசாயனங் கலவாதது' எனப் பறைசாற்றுகின்றன. நம் மாணவ நண்பர் பலர் தம் கைச்செலவுப் பணத்தை இவற்றிற்கே ஈந்து வருதலின், இக்கூற்றைச் சிறிது ஆராய்தல் தகும்.

இரசாயனங் கலவாதது என்பது வெறும் பிதற்றல். நீரும் ஓர் இரசாயனப் பொருளே. வேம்பின் கசப்பும் அத்தகையதே. நம் கல்லூரி இரசாயன சாலையில் ஒரு நாள் நின்றவரும் இதனை ஒப்பார்.

தாவரப் பொருள் என்பதோ அத்துணை எளிதில் தள்ளத்தக்கதன்று. முகத்தின் எண்ணெய்ப்பசையைப் பற்றி அகற்றுவது புட்டியிலுள்ள நுரைப்பொருளாம். சோடியம் லாரெத் சல்பேட் என்னும் நுரைப்பொருள் தேங்காயெண்ணெயினின்றும் செய்யப்படுவதுண்டு. ஆயினும் இடையில் எத்திலீன் ஆக்ஸைடு முதலியன சேர்ந்தே அஃது உருப்பெறுகின்றது. 'தேங்காயினின்று பெற்றது' என்பவர் பாதி வழியை மறைத்து மீதியைச் சொல்கின்றார். இனி, தேங்காயெண்ணெயிற் காய்ச்சிய பழைய சோப்பும் தாவரப் பொருளே. அதன் பி.எச். அளவு 9 அல்லது 10. நம் தோலின் மேற்புறமோ ஏறக்குறைய 5 என்னும் அளவினதாய்ப் புளிப்புத்தன்மை வாய்ந்தது. அவ்வளவிற்கு அணுக்கமாக அமைக்கப்பட்ட திரவம் சோப்பினும் மென்மையானதே. அம்மென்மையைத் தந்தது இரசாயன நூலறிவு. புகழோ வேப்பிலைக்குச் செல்கின்றது!

அவ்வேம்புதான் எவ்வளவு? 2020-ஆம் ஆண்டின் இந்திய அழகுப்பொருள் விதிகளின்படி, 1 சதவீதத்திற்கு மேற்பட்ட பொருள்களை அளவிறங்கு முறையில் எழுதுதல் வேண்டும். அதற்குட்பட்டவற்றை எவ்வரிசையிலும் எழுதலாம். ஐரோப்பிய விதிகள் பீனாக்ஸி எத்தனால் என்னும் பதனப்பொருளை 1 சதவீதத்திற்கு மேல் அனுமதிப்பதில்லை. எனவே, அவ்வரம்பிற்கு உட்பட்ட புட்டியில் அதன்பின் எழுதப்பட்ட இலையின் சாரமும் அவ்வளவைக் கடவாது. முன் எழுதப்பட்டதனாலேயே மிகுதி என எண்ணவும் வேண்டா. பதனப்பொருளைக் குறைகூறேன், அஃதின்றேல் நீர் மிக்க திரவத்திற் கிருமிகள் பெருகும்.

தாவரமெனின் தீங்கில்லை என்பாரும் உளர். சேராங்கொட்டைப் பால் பட்ட தோல் கொப்புளிப்பதையும், எலுமிச்சைச் சாறு பட்ட கை வெயிலிற் புண்படுவதையும் அவர் அறியார் போலும்.

எனது தீர்ப்பு இது: முகங்கழுவுதலாகிய தொழிலை இத்திரவங்களுட் பல செவ்வனே ஆற்றுகின்றன. அரை நிமிடத்தில் நீரோடு போய்விடும் சிறிதளவு இலைச்சாரம் நிறத்தை மாற்றும் என்பதை யான் நம்பேன். பரு மிக்கவர் மருத்துவரை நாடுக. ஏனையோர் முன்கையிற் சில நாள் தடவிப் பார்த்து வாங்குக. கழுவியபின் தோல் வறண்டு இழுக்குமாயின், எம்மூலிகையின் படம் இருப்பினும் அப்புட்டியை விலக்குக.