அரசாங்க மேசையில் பழகிய பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

மரம் வெட்டத் தெரியாத ஒருவரை எந்தத் தண்டலும் முதல் நாளே நல்ல நிரையில் விடமாட்டார். கழிக்கப்போகிற கிழட்டு மரங்களில் கை பழகட்டும் என்பார். உளி ஆழப் போனால் மரம் புண்ணாகும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. இரண்டுக்கும் நடுவே உள்ள அளவு சொல்லித் தெரிவதல்ல, பழகித் தெரிவது. உத்தியோகக் காரியமும் அப்படித்தான். ஒரு மனு எந்த மேசைக்குப் போகிறது, எந்த மேசையில் தூங்குகிறது, யாருடைய கையெழுத்து பட்டதும் எழுந்து நடக்கிறது என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கே தெரியும்.

அதனால்தான் பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற மாணவர்களைப் படிப்பு முடியுமுன் சில மாதங்கள் ஒரு வேலையிடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நம் வீடுகளில் ‘பிராக்டிகல்’ என்று சொல்வது இதைத்தான். அம்பாங் பிள்ளைகள் இதற்காக வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1992-இல் ஏற்பட்ட அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் இருக்கிறது. 2006-இல் திறந்த அம்பாங் ஆஸ்பத்திரி இருக்கிறது. இரயில் ஏறினால் கோலாலம்பூர் இலாகாக்கள் பக்கத்தில்தான். ஆகவே இடம் இல்லை என்பது பேச்சல்ல. அரசாங்க மேசையில் இப்படிப் பழகியவர்கள் பிறகு எங்கே போகிறார்கள், அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் பேச்சு.

முதல் கேள்விக்கு இந்த நாட்டுச் சரித்திரமே பதில் சொல்லும். 1931-இல் கெடா அரசாங்கத்தில் ஓர் இளைஞர் ‘கேடட்’ ஆகச் சேர்ந்தார். கேடட் என்றால் பயிற்சி நிலையில் உள்ள உத்தியோகஸ்தர். சட்ட ஆலோசகர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தார். பிறகு கூலிமுக்கு அனுப்பப்பட்டு ஜில்லா நிர்வாகம் பழகினார். அவர்தான் துங்கு அப்துல் ரஹ்மான். 1957-இல் நாட்டின் முதல் பிரதமர் ஆனார். 1939-இல் மலாய் நிர்வாகச் சேவையில் அதேபோல் கேடட் ஆகச் சேர்ந்த அப்துல் ரசாக், 1956-இல் கல்வி அறிக்கை தந்து, 1970-இல் இரண்டாவது பிரதமர் ஆனார். நம் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்த அறிக்கை அதுதான் என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1905-இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரியைத் திறந்தார்கள். 1910-இல் மலாய் நிர்வாகச் சேவையை ஏற்படுத்தினார்கள். பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, சம்பளம் கொடுத்துப் பழக்கினார்கள். பழக்கியதற்குப் பலன் கிடைத்தது. இதில் யாரும் பொறாமைப்பட ஒன்றுமில்லை; பாடம் படிக்கத்தான் இருக்கிறது.

வெள்ளைக்கார கேடட்டுகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மலாயா சிவில் சர்வீசில் சேர்ந்த சில இளைஞர்களைச் சீனம் படிக்கச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1921-இல் சேர்ந்த விக்டர் பர்செல் அப்படிக் கேண்டனில் படித்தவர். சீனர் விவகாரங்களில் பெரிய அதிகாரியாகி, கடைசியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் போதித்தார். தொழிலாளர் இலாகாவுக்கு வரவேண்டிய கேடட்டுகளோ தமிழ் படிக்கத் தென்னிந்தியாவுக்குப் போனார்கள். சர்க்கார் செலவில் நம் மொழியைக் கற்றுத் திரும்பி, நம் லயங்களைப் பார்வையிட்டு, நம் கூலி எத்தனை காசு என்பதில் கருத்துச் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற அவமானத்துக்கு ஒரு முடிவு. பதிலுக்கு வந்தது ஆர். எச். நாதனின் கைதும் நாடுகடத்தலும், துருப்புகளும், சில தொழிலாளரின் மரணமும். இலாகாவில் தமிழ் தெரிந்த அதிகாரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் தமிழ் தெரிந்தவர் வேறு, தமிழ்த் தொழிலாளி வீட்டில் பிறந்தவர் வேறு.

அந்தக் காலத்தில் நம்மவர் அரசாங்கத்தில் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். ரோடு போட்டார்கள், தண்டவாளம் போட்டார்கள், தண்ணீர்க் குழாய் புதைத்தார்கள். யாழ்ப்பாணத்தார் பலர் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் கிராணிகளாக இருந்தார்கள். ஆனால் முடிவு எடுக்கும் மேசை பூட்டியே இருந்தது. மலாயா சிவில் சர்வீசின் கதவு மலாய்க்காரரல்லாத கூட்டரசுப் பிரஜைகளுக்குத் திறந்ததே 1953-இல்தான். அதுவும் நாலு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற கணக்கில்.

திறந்த கதவு வழியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரே உதாரணம் சொல்கிறோம். ரேமன் நவரத்தினம் படித்து முடித்ததும் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து, நிதி அமைச்சில் நெடுங்காலம் வேலை பார்த்து, போக்குவரத்து அமைச்சின் தலைமைச் செயலாளர் வரை உயர்ந்தார். ஓய்வுக்குப் பிறகு எங்கே போனார்? தொழிற்சங்கங்கள் உண்டாக்கிய பேங்க் புரூவின் தலைமை நிர்வாகியாகப் போனார். அரசாங்க மேசையில் கற்ற கணக்கு தொழிலாளர் வங்கிக்கு வந்து சேர்ந்தது. ஒரு பிள்ளை இலாகாவுக்குள் போனால் அது அந்தக் குடும்பத்தின் இலாபம் மட்டுமல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

இன்றைய நிலை என்ன? 2017-இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம், அரசாங்கச் சேவையில் இந்தியரின் பங்கு குறைந்தது 7 விழுக்காடு ஆகவேண்டும் என்று இலக்கு வைத்தது. நடப்பில் அது 5 விழுக்காட்டையும் எட்டவில்லை. இதில் இன்னொரு வேதனையும் உண்டு. 1999-இல் அரசாங்கம் குடிபோன புத்ராஜெயா எந்த மண்ணில் நிற்கிறது? பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி என்ற தோட்டங்களின் மண்ணில். நம்மவர் பால் வெட்டிய மரங்களை வீழ்த்தி அங்கே அமைச்சுகளை எழுப்பினார்கள். தொழிலாளரை டிங்கிலுக்குக் குடியேற்றினார்கள். நிரை இருந்த இடத்தில் மேசை வந்துவிட்டது. அந்த மேசையில் நம் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

பயிற்சி முடித்த பிள்ளைகள் போகும் வழி பொதுவாக மூன்று. சிலர் அரசாங்கச் சேவை ஆணையத்தில் பதிந்து, காத்திருந்து, பரீட்சையும் நேர்முகமும் தாண்டி உத்தியோகஸ்தர் ஆகிறார்கள். சிலர் அரசாங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள கம்பெனிகளுக்குப் போகிறார்கள். மனு எப்படி எழுதுவது, யாரைப் பார்ப்பது என்று தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. இன்னும் சிலர் சான்றிதழை அலமாரியில் வைத்துவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகள் இந்த மூன்றாவது வழியில் போகாமல் தடுப்பதே நம் கவலை.

‘காசில்லாமல் அரசாங்கத்துக்கு ஏன் உழைக்கவேண்டும்? இது கங்காணி காலத்து ஓசி வேலை இல்லையா?’ என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. நாள் சம்பளக் குடும்பத்துப் பிள்ளை பட்டணத்தில் அறை எடுத்து, பஸ் ஏறி, கையிலிருந்து சாப்பிட்டுப் பயிற்சி செய்ய முடியாது. வசதியுள்ளவர் பிள்ளையால் முடியும். ஆகவே சம்பளமில்லாத பயிற்சி என்பது பூட்டு இல்லாமலே பூட்டிய கதவு. இது நம் ஊர் விவகாரம் மட்டுமல்ல. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிலேயே பயிற்சி மாணவருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022-இல்தான். காசுள்ளவர் பிள்ளைகளே வந்து சேர்கிறார்கள் என்ற குறை அங்கேயும் எழுந்தது. அதே வெள்ளை மாளிகையில் 1972-இல் ஓராண்டுப் பயிற்சிக்குப் போனவர் காலின் பவல். அவர் மாணவரல்லர், சம்பளம் வாங்கிய இளம் இராணுவ அதிகாரி. ஜமைக்காவிலிருந்து வந்து பிழைத்த பெற்றோரின் மகன்; தாய் தையல் வேலை செய்தவர். 2001-இல் அந்த நாட்டின் வெளியுறவு மந்திரியானார். சோற்றுக்குக் கவலையில்லாமல் பழகவிட்டால் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதாதா?

எனவே கதவைப் புறக்கணிப்பதல்ல வழி. கதவுக்குள் போவதற்கான செலவைக் கேட்பதே வழி. இதில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது.

பெற்றோர், பயிற்சிக்கு எங்கே போவது என்ற பேச்சு வீட்டில் வரும்போது, ‘பக்கத்துக் கடையில் செய்து முடித்துவிடு’ என்று சொல்லக்கூடாது. இலாகாவுக்கு மனுப் போடச் சொல்லவேண்டும். எஸ்.பி.எம். பரீட்சையில் மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் பெரும்பாலான நிரந்தர அரசாங்க உத்தியோகங்கள் கிடைக்கமாட்டா என்பதைப் பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்போதே நினைவூட்டவேண்டும்.

கிராணிமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாரம் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும் உங்கள் தொழில். தோட்டத்திலும் பக்கத்துத் தாமானிலும் பயிற்சிக்குப் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு, மனு எழுதும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். ஆணையத்தில் செய்த பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சங்கக் கிளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். எந்த அங்கத்தினரின் பிள்ளை எந்த இலாகாவில் பழகியது, ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறது, ஐந்தாண்டு கழித்து எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கட்டும். பால் நிறுவையைத் தினமும் எழுதுகிற நமக்குப் பிள்ளைகளின் கணக்கை எழுத முடியாதா? கணக்கு கையில் இருந்தால்தான் மந்திரியிடம் பேச நாக்கு வரும். முடிந்த கிளை பஸ் காசுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கட்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது இரண்டே. ஒன்று, எந்த இலாகாவில் பழகும் மாணவருக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் போதுமான படி தரவேண்டும். இரண்டு, ஒவ்வோர் இலாகாவும் எத்தனை மாணவரைப் பழக்கியது, அவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தது என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் எண்ணிச் சொல்ல ஏன் தயங்கவேண்டும்?

தோழர்களே! நம் பாட்டன்மார் அரசாங்கத்துக்கு ரோடு போட்டார்கள். அந்த ரோட்டில் நடந்து நம் பிள்ளைகள் அரசாங்க மேசைக்குப் போகட்டும். நாளைக்கு ஒரு தொழிலாளியின் மனு அந்த மேசைக்கு வரும்போது, அதைத் தூங்கவிடாமல் எழுப்பி நடக்கவைக்கும் கை நம் வீட்டுக் கையாக இருக்கட்டும்.