மலையின் மீது பழி வேண்டாம்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற கணினி, உங்கள் பரணிலும் உறங்கிக் கொண்டிருக்கலாம். திறந்தால் ஊர்ந்து ஊர்ந்து செல்லும். "ஏற்காட்டு மலைக்காற்று கெடுத்துவிட்டது" என்பாரும் உளர். அது சரியன்று. ஹார்டு டிஸ்க்கினுள் சுழலும் தட்டின் மேல், படிக்கும் முனை காற்றுப் படலத்தில் மிதப்பது உண்மையே. ஆயினும் அவை சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கத்தக்கவை; ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர்தான்.

பெரும்பாலும் தாமதம், தட்டு சுழன்று முனை தேடிச் சென்று படிப்பதால் வருவது. அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால் வேகம் கூடும். இரண்டரை அங்குல சாட்டா வகை இத்தகைய கணினிகள் பலவற்றுக்குப் பொருந்தும். நான்கைந்து திருகுகளின் வேலை. மின்கம்பியையும் பேட்டரியையும் அகற்றிய பின்னரே திருப்புளியைத் தொடுங்கள். பனிமூட்டத்தில் கொண்டுவந்த கணினியாயின், ஈரம் உலரும் வரை பொறுங்கள்.

அதற்கும் முன்னர், மறைந்த பெற்றோரின் நிழற்படங்கள் உள்ளிட்ட அனைத்தையும் வேறிடத்தில் நகலெடுத்து, திறந்தும் பாருங்கள். எஸ்.எஸ்.டி. கடையில் கிடைக்கும், அவை கிடைக்கா. டிஸ்க்கில் 'டக் டக்' ஒலி கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்காமல், விவரம் அறிந்தவரிடம் ஒப்படையுங்கள். மாற்றி முடித்ததும் பழைய டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். ஓராண்டேனும் அலமாரியில் இருக்கட்டும்.