துரைமாரின் கடிதங்களும் எங்கள் தகரப் பெட்டிகளும்

சென்ற ஆண்டு ஒருநாள், வரலாற்றாசிரியர் விடுமுறையில் இருந்தமையால், பத்தாம் வகுப்புக்கு நான் செல்ல நேர்ந்தது. தமிழ் கற்பிப்பவன் நான். பாடநூலை மூடிவைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் உள்ளவற்றுள் மிகப் பழைய கடதாசி எதுவோ, அதை நாளை கொண்டு வாருங்கள்" என்று மாணவரிடம் கூறினேன். அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். மறுநாள் என் மேசைமேல் வந்து குவிந்தவை பல: மடிப்புகளில் கிழிந்த பிறப்புச் சான்றிதழ்கள், பயணம் எதுவும் செய்யாமலே காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டு, கோத்தகிரியிலிருந்து ஓர் அக்காள் தன் தம்பிக்கு 1970களில் எழுதுவித்த கடிதம், சேமலாப நிதிக் கணக்குத் துண்டுகள். ஒரு மாணவி ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் முருகன் படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தார்களாம்.

"சேர், இந்த நாட்டில நமக்கு உரிமை குடுத்த கடுதாசி இதுதான்னு பாட்டி சொல்லுவாங்க" என்றாள்.

வாசித்தேன். அவளுடைய பூட்டனார் பிரஜாவுரிமை கோரி அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை அறிவிக்கும் கடிதம் அது. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக ஆங்கிலம் வாசிக்க ஒருவரும் இருக்கவில்லை. உரிமை இல்லை என்ற தாளையே உரிமைப் பத்திரமென்று எண்ணித் தெய்வத்தின் பின்னால் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளருக்கு எழுதப்பட்ட வரலாறு கிடையாது, வாய்மொழிப் பாட்டுத்தான் உண்டு என்று நம்மிடையே படித்தவர்கள் சொல்வதுண்டு. கேட்பதற்கு இரக்கம் போலத் தோன்றும் இக்கூற்றை நான் மறுக்கிறேன். உலகிலே எந்த உழைப்பாளி மக்களையும் விட அதிகமாகக் காகிதத்தால் கட்டுண்டவர்கள் நம் முன்னோர். அக்காகிதங்களை எழுதியவனும் பிறன், வைத்திருந்தவனும் பிறன், வேண்டாதபோது அழித்தவனும் பிறன். வரலாறு இல்லை என்ற பேச்சின் பின்னால் மறைந்திருப்பது இந்த உண்மையே.

எண்ணிப் பாருங்கள். கங்காணி கொடுத்த முன்பணம் கடன் கணக்காயிற்று. அந்தக் கடனைச் செலுத்தினால் இன்ன ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு 'துண்டு' எனப்பட்டது. துண்டு கைமாறியபோது மனிதர் கைமாறினர். 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பத்தின் தலைவிதி ஒரு சிறு கடதாசியில் அடங்கியிருந்தது. மண்டபம் முகாமில் பதிவு. தோட்டத்தில் பேர் பதிவு. நாள்தோறும் பிரட்டுக்களத்தில் செக்ரோல் பதிவு. முழுப்பேரா அரைப்பேரா என்ற கணக்கு. இத்தனை பதிவுகளுக்கு உள்ளே வாழ்ந்த மக்களிடம் சுதந்திர இலங்கை கேட்ட முதற் கேள்வி என்ன? "உன் பதிவு எங்கே?" என்பதுதான்!

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை இந்நாட்டில் பிறந்தாரா, பாட்டனும் பூட்டனும் பிறந்தனரா என்று வினவியது. லயத்தில் பிறந்தவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர் அளவிலானோருக்கே. எஞ்சியோர் நாடற்றவர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் கூறுபோட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தக் கதை நீண்டது. இத்தனைக்கும் அடிப்படை, தாள் இல்லை என்பது. அந்தத் தாள்கள் இருந்த இடமோ, தொழிலாளி வாசலில் நின்று தலைசொறிந்த தோட்டத்துக் கந்தோர்!

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1852 இல் பதினாறு பதினேழு வயது இளைஞனாக இலங்கைக்கு வந்த ஸ்கொத்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர், 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டவர். அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்துத் தேசிய நூலகத்தில் பத்திரமாக உள்ளன. 1890 இல் நம் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனைப் பற்றிய செய்தி நறுக்குகள்கூடத் தொகுதி தொகுதியாகக் கிளாஸ்கோ நகரின் மிட்செல் நூலகத்தில் இருக்கின்றன. இங்கு மலைமுகட்டில் அவருக்குச் சிலையும் உண்டு. அப்புத்தளை அடிசம் மாளிகையில், அதனைக் கட்டிய சேர் தோமஸ் வில்லியர்ஸின் நூலறையை இன்றும் பார்வையாளர் கண்டு வியக்கின்றனர். துரை எழுதிய கடிதம் ஆவணம். துரையைப் பற்றிய நறுக்கும் ஆவணம். துரையின் புத்தக அலுமாரியும் காட்சிப்பொருள். அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவளின் பெயரை எந்த அலுமாரியில் தேடுவது?

அவர்கள் வெள்ளையர், ஆளும் வர்க்கத்தார், அதனால் அப்படி என்று சிலர் அமைதி காணலாம். ஆளும் வர்க்கமல்லாத ஏழைக் குடியேறிகள் தம் கடதாசிகளைக் காத்த வரலாறும் உண்டு. 1825 ஜூலையில் நோர்வேயின் ஸ்தவங்கர் துறையிலிருந்து 'ரெஸ்தோராசியோன்' என்னும் சிறு கப்பலில் 52 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் இறக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலந்தான். அடுத்த நூறாண்டில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோர்வேயர் அவ்வழியே சென்றனர். பெரும்பாலோர் சிறு விவசாயிகள், கூலியாட்கள், வேலைக்காரப் பெண்கள். அவர்கள் ஊருக்கு எழுதியவை 'அமெரிக்கக் கடிதங்கள்' எனப் பெயர் பெற்றன, கைகைமாறி வாசிக்கப்பட்டன, பிரதி எழுதப்பட்டன, செய்தித்தாள்களில் அச்சேறின. கப்பல் புறப்பட்ட நூறாம் ஆண்டாகிய 1925 இல், அவர்களின் வழித்தோன்றல்கள் மினசோட்டாவின் நோர்த்பீல்டில் ஒரு வரலாற்றுக் கழகம் நிறுவினர். கடிதம், நாட்குறிப்பு, கணக்கேடு, சங்கக் குறிப்பு என்று அன்று தொடங்கிய தேட்டம் இன்றும் தொடர்கிறது.

அவர்கள் நம்மிலும் உயர்ந்த பிறவிகளா? இல்லை. நோர்வேயில் 1739 இலேயே கிராமப் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கச் சட்டம் பிறந்தது. அமெரிக்காவில் 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் மறவாதீர். நிலம் இருந்தது, வீடு இருந்தது, வீட்டில் பெட்டி வைக்க மூலை இருந்தது. காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கிய நம் முன்னோருக்கோ பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா. அதுவும் சொந்தமன்று. பள்ளிக்கூடம் பெயரளவில். 1977 இலும் 1981 இலும் 1983 இலும் வன்முறைக் கும்பல்கள் லயங்களுக்குத் தீ வைத்தபோது, பெட்டிகளும் எரிந்தன. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது எத்தனை பேர் மண்ணுக்குள் போயினர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது. மனிதரை எண்ணி வைக்காத நாட்டில் பிணங்களை எண்ணுவதும் கடினமே.

2023 இல் இருநூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களை நான் மனமார வணங்குகிறேன். ஆனால் மேடைகளில் பொன்னாடை போர்த்திக்கொண்ட பெரியவர்களைக் கேட்கிறேன்: நோர்வேயரின் நூறாம் ஆண்டில் ஒரு காப்பகம் எழுந்தது, நம் இருநூறாம் ஆண்டில் நீங்கள் எழுப்பியது என்ன?

பணி செய்தோர் இல்லாமல் இல்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார் சி. வி. வேலுப்பிள்ளை. கோ. நடேசய்யரை மறதியிலிருந்து மீட்டெழுதினார் சாரல்நாடன். பழைய அச்சுப் பிரதிகளைத் துருவி 'கூலித்தமிழ்' எழுதினார் மு. நித்தியானந்தன். கம்பளைக்கு அருகே பழைய லய அறைகளிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைந்தது. இவையெல்லாம் தனியாட்களும் சிறு அமைப்புகளும் கைப்பொறுப்பில் செய்தவை. அரசுகளும் கம்பனிகளும் ஏழை வாக்குகளால் எழுந்த தலைமைகளும் செய்தது யாது?

"வயிறு காயும்போது காகிதம் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் காகிதமே வயிற்றுப் பிரச்சினையாக இருப்பதை நாம் வகுப்பறையில் காணவில்லையா? செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். எவனோ ஒருவன் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துப் பிழைக்காக, நாற்பதாண்டு கொழுந்து பறித்த தாய் சேமலாப நிதிக்கு அலைகிறாள். ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று நிலத்துக்குப் பேரம் பேசுகிறார்கள். இந்த மண்ணில் எத்தனை தலைமுறை உழைத்தோம் என்று எடுத்துக்காட்டும் ஏடு நம் கையில் இருந்தால், நாம் பேரம் பேசவா நிற்போம்? உரிமை கேட்டல்லவா நிற்போம்!

அந்த மாணவியின் பாட்டியாரை ஒரு ஞாயிறன்று லயத்திற்குச் சென்று கண்டேன். கடிதத்தில் உள்ளதை மறைக்க எனக்கு உரிமையில்லை, சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இல்லேன்னுதான் எழுதியிருக்கானா? சரி, கெடக்கட்டும் மாஸ்டர். எங்க மாமனார் பேரு அதுல இருக்குல்ல?" என்றார். இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அம்மனிதரின் பெயர் எழுதிய வேறு தாள் அந்த வீட்டில் இல்லை. கடிதத்தை வாங்கி மீண்டும் முருகன் படத்தின் பின்னால் வைத்தார். வரலாற்று ஆவணம் என்றால் என்னவென்று பல்கலைக்கழகத்தில் நான் கற்றதைவிட அன்று கற்றது அதிகம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! தோட்டக் கந்தோர்களில் எஞ்சியிருக்கும் செக்ரோல்களையும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் அழிப்பது சட்டத்தால் தடுக்கப்பட வேண்டும். அவை தேசிய சுவடிகள் காப்பகத்தின் பொறுப்பில், தொழிலாளர் பிள்ளைகள் எடுத்து வாசிக்கக்கூடிய வகையில், வைக்கப்பட வேண்டும். ஊவாவுக்கென்று ஓர் ஆவண இல்லம் வேண்டும். இவற்றைக் கேட்போம், உரத்துக் கேட்போம். ஆனால் அவை வரும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். தாளைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். இதுவரை பிடுங்கியவர்கள் போதும். பிரதி எடுங்கள், யார் வீட்டுத் தாள், யார் சொன்ன கதை என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வந்த கடிதங்களை எறிய விடாதீர்கள். நம்முடைய அமெரிக்கக் கடிதங்கள் அவையே.

தன் வீட்டுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பிள்ளை ஒன்றுகூட நம் வகுப்பிலிருந்து வெளியேறலாகாது. ஆசிரியன் இதனைச் செய்ய எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.