தேதி சொல்லிட்டு காணாமப் போகலாமா பாஸ்?

'அவலாஞ்ச்'னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி கூகுளைத் தட்டிப் பாருங்க. ஒரு பக்கம் நம்ம நீலகிரியில், எமரால்டு பக்கத்துல இருக்கும் அவலாஞ்சி ஏரி வரும். இன்னொரு பக்கம், 'ஹாக்வார்ட்ஸ் லெகஸி' கேமை உருவாக்கின அமெரிக்காவின் அவலாஞ்ச் சாஃப்ட்வேர் வந்து நிற்கும். பேர்தான் ஒண்ணு, மத்தபடி சம்பந்தமே இல்லை. ஆனா அந்த கம்பெனி கதை சுவாரஸ்யமானது. அந்த கேமோட வீடியோ 2018 அக்டோபரிலேயே லீக் ஆகிடுச்சு. அதிகாரபூர்வ அறிவிப்பு வந்ததோ 2020 செப்டம்பரில்! ஊருக்கே தெரிஞ்ச ரகசியத்தை ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க.

ஏன் இந்தப் பிடிவாதம்? 2022 செப்டம்பரில் ஜி.டி.ஏ 6-க்கு நடந்ததைப் பாருங்க. ஹேக்கர் கைங்கரியத்தில் 90 வீடியோக்கள் வெளியே வந்துச்சு. உடனே 'கிராஃபிக்ஸ் மொக்கை'னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. பூச்சுவேலை முடியாத வீட்டுக்குள்ள நுழைஞ்சு 'பெயின்ட் நல்லா இல்லையே'ன்னு கேட்கிற மாதிரிதான் இது. கடுப்பான மத்த டெவலப்பர்கள், தங்களோட ஹிட் கேம்கள் ஆரம்பத்தில் எவ்வளவு அலங்கோலமா இருந்துச்சுன்னு வீடியோ போட்டுக் காட்டினாங்க. அதுதான் அன்னிக்கு நடந்த ஒரே நல்ல விஷயம்.

ஆக, ரகசியம் தப்பில்லை. நமக்கு வலிக்கிற இடம் வேற. ஃப்ரீ ஃபயர் ஆடினவங்களுக்கு நல்லாவே தெரியும்.

விலை குறைஞ்ச போன்லயும் ஓடும்கிறதால்தான் அந்த கேம் நம்ம ஊர்ப் பசங்ககிட்ட அவ்வளவு தூரம் போச்சு. 2022 பிப்ரவரியில் தடை. அப்புறம் 2023 செப்டம்பர் 5-ம் தேதி 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' வருதுன்னு கரேனா அறிவிச்சது. தூதர் யாரு? நம்ம தல தோனி! விடுவோமா? ஆனா ரிலீஸுக்கு முன்னாடி, 'இன்னும் மெருகேத்தணும், சில வாரங்கள் தள்ளிப்போகுது'ன்னு ஒரு அறிவிப்பு. அந்தச் சில வாரங்கள் வருஷங்களா நீண்டுச்சு. 'மேக்ஸ்' வெர்ஷன் கையில் இருந்ததால் பலர் அதிலேயே ஒதுங்கிட்டாங்க.

இதோட 'சில்க்சாங்'கை வச்சுப் பாருங்க. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி, ரொம்பச் சின்ன டீம். 2019 பிப்ரவரியில் அறிவிச்சிட்டு வருஷக்கணக்கா கப்சிப். 'இன்னிக்கும் நியூஸ் இல்லை'ன்னு தினமும் சொல்றதுக்கே ஒரு யூடியூப் சேனல் ஓடுச்சுன்னா பார்த்துக்கோங்க! 2025 ஆகஸ்ட்டில் திடீர்னு தேதி சொன்னாங்க. ரெண்டே வாரத்தில், செப்டம்பர் 4-ல் கேம் வந்துச்சு. கூட்டம் தாங்காம ஸ்டீம் உள்ளிட்ட ஆன்லைன் ஸ்டோர்கள் திணறிடுச்சு. 'வேலை நடக்குது'ன்னே திரும்பத் திரும்பச் சொன்னா மக்கள் கடுப்பாவாங்கன்னு நினைச்சோம்கிறது அவங்க விளக்கம். எனக்கு அது முழுசா ஏத்துக்க முடியலை. வருஷத்துக்கு ஒரு வரி எழுத என்ன செலவு? ஆனாலும், கடைசியா சொன்ன தேதியைக் காப்பாத்தினாங்க, அதை மறுக்க முடியாது.

நம்ம நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கு. பி.ஜி.எம்.ஐ 2022 ஜூலையில் ஸ்டோர்களில் இருந்து காணாமப் போனப்ப, எப்ப திரும்பி வரும்னு கிராஃப்டனே சொல்ல முடியாத நிலை. முடிவு அரசாங்கத்தின் கையில். 2023 மே மாசம் அனுமதி கிடைச்சதும், அதுவும் மூணு மாச சோதனைன்னுதான் வந்துச்சு. இடையில் டோர்னமென்ட்டை நம்பி இருந்த பிளேயர்கள்தான் பாவம், பிராக்டீஸ் பண்றதா, படிக்கப் போறதான்னே புரியாத காலம் அது.

புனேயின் சூப்பர்கேமிங் வேற ரூட்டு. 'இண்டஸ்' கேமை முடிக்கிறதுக்கு முன்னாடியே ரசிகர்களைக் கூப்பிட்டு ஆட விட்டாங்க. 2024 அக்டோபரில் ரிலீஸ். குறை சொல்றவங்களை முன்னாடியே உள்ளே விடறதுக்குத் தைரியம் வேணும்.

கம்பெனி வாயைத் திறக்காத நாள்களில்தான் 'எக்ஸ்க்ளூசிவ் லீக்', 'ஏ.பி.கே டவுன்லோடு' வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும். அடுத்த தடவை வாட்ஸ்அப் குரூப்ல அப்படி லிங்க் வந்தா, முதல்ல ப்ளே ஸ்டோர்ல தேடுங்க. அங்கே இல்லையா? கேம் இன்னும் வரலைன்னு அர்த்தம். தம்பிகிட்டயும் சொல்லி வைங்க, பெரும்பாலும் அம்மா போன்லதானே அவன் இன்ஸ்டால் பண்ணுவான்!