வகுப்பறையில் வலையொலி

கல்வி பயில்வதைப் 'பாடங் கேட்டல்' என்றே நம் முன்னோர் வழங்கினர். நன்னூலாரும் தம் பொதுப்பாயிரத்திலே பாடஞ் சொல்லலின் வரலாற்றையும் பாடங் கேட்டலின் வரலாற்றையும் தனித்தனியே வகுத்துரைத்தார். அம்மரபிலே வந்த நம் வகுப்பறைகளில் இன்று வாசிப்பும் எழுத்துமே ஆட்சி செலுத்துகின்றன. மொழித்திறன் நான்கு என ஆசிரிய கலாசாலையிலே கற்றோம். அவற்றுள் கேட்டலும் பேசுதலும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றும் வகுப்பறையில் இடம்பெறாது நிற்கின்றன. க.பொ.த. சாதாரண தரத் தமிழ்மொழித் தேர்வு எழுத்துத் தேர்வாகவே நடைபெறுதலின், புள்ளி பெற்றுத் தாராத திறனுக்கு நேரம் ஒதுக்குவார் அரியர். 9 பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்ற மாணாக்கன், மேடையேறி ஐந்து நிமிடம் நல்ல தமிழிலே பேச இடர்ப்படுவதை நாம் காண்கின்றோம். இக்குறையைக் களைதற்குரிய எளிய கருவியாக வலையொலியை ஆசிரியர் கைக்கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.

வலையொலியாவது யாது? 'பொட்காஸ்ற்' என உலகோர் வழங்கும் இப்பெயர் 2004ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகைக் கட்டுரையொன்றிலே தோன்றியது. 'ஐபொட்' என்னுங் கருவியின் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஈறும் இணைந்து பிறந்ததே அது. கொழும்பிலிருந்து 1925ஆம் ஆண்டு முதல் ஒலித்துவரும் வானொலி நமக்குப் பழகியது. அதன் நிகழ்ச்சியை ஒலிக்கும் வேளையிலேயே கேட்டல் வேண்டும். அதிற் பேசுதற்கு நிலையத்தாரின் அழைப்பும் வேண்டும். வலையொலியையோ வேண்டியபோது, வேண்டிய தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். அதனை ஆக்குதற்கு ஒரு கைத்தொலைபேசியும் ஓர் அமைதியான அறையும் போதும்.

வலையொலி என்றதும் ஆசிரியர் பலர், தம் பாடத்தைப் பதிவுசெய்து அனுப்புதலையே கருதுகின்றனர். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவ்வாறு அனுப்பிய பாடங்கள் பெரிதும் உதவின. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், ஆசிரியர் பேச மாணாக்கர் வாளாவிருந்து கேட்கும் முறையைக் கருவியொன்றின் வாயிலாக நீட்டுவதனால் மாணாக்கரின் நா திருந்தாது. மாணாக்கரே வலையொலியை ஆக்கும்போதுதான் அதன் முழுப்பயன் விளையும்.

எட்டாம் தரத்து மாணாக்கர் நால்வர், தம் ஊர்க் குளத்தின் வரலாற்றை ஐந்து நிமிடத்திலே சொல்ல முற்படுவதாகக் கொள்வோம். முதியோரை அணுகி வினவுதல், கேட்டவற்றுள் வேண்டியதைத் தெரிதல், செவிக்கேற்ற சிறு வாக்கியங்களாக எழுதுதல், பலமுறை வாய்விட்டு வாசித்தல், பதிந்ததைக் கேட்டுத் திருத்துதல் ஆகிய அனைத்தையும் அவர்களே செய்தல் வேண்டும். நால்வகைத் திறனும் ஒரு பணியிலே ஒருங்கு அமைகின்றன. லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஆசிரியர் எத்துணை முறை எடுத்துரைப்பினும் உணராத மாணாக்கன், தன் குரலைத் தானே கேட்கும்போது உணர்ந்து நாணித் திருத்திக்கொள்வான். கூச்சத்தால் வகுப்பிலே வாய் திறவாதவனுக்கும் இதில் இடமுண்டு. பிழைத்த பகுதியை எவரும் அறியாவண்ணம் மீண்டும் பதியலாமன்றோ?

இது நம் மண்ணுக்கு முற்றிலும் புதிய நெறியுமன்று. கோயில்களிலே புராணபடனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுதலை நாம் அறிவோம். இருகுரலால் ஒரு பொருளை விளக்கும் அம்முறையே இன்றைய வலையொலிகள் பலவற்றின் அமைப்புமாகும். 1847ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கிய நாவலர் பெருமான், அடுத்த ஆண்டிலேயே அங்கு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நாவும் பள்ளியும் அவர் பணியிலே பிரிந்து நிற்கவில்லை.

செலவு பற்றிய அச்சமும் வேண்டா. வினாடிக்கு 64 கிலோபிற் அளவிற் பதிந்த ஐந்து நிமிட ஒலிக்கோவை ஏறத்தாழ 2.4 மெகாபைற் மட்டுமே. ஒளிப்படப் பாடத்தை இறக்கப் பணமில்லாத வீட்டினரும் அதனை எளிதிற் பெறுவர். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை மறவாத நமக்கு, முன்னரே இறக்கிவைத்து இருளிலும் கேட்கக்கூடியது எத்துணை உதவியாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மாணாக்கர் கைத்தொலைபேசி கொண்டுவருதல் விலக்கப்பட்ட பாடசாலைகளில் ஆசிரியரின் கருவி ஒன்றே வகுப்பு முழுமைக்கும் போதும். பிள்ளைகளின் குரல் வகுப்பிற்கு வெளியே செல்வதாயின் பெற்றோரின் இசைவைப் பெறுதலும், முழுப்பெயரும் முகவரியும் வாராது காத்தலும் ஆசிரியரின் கடமைகளாம்.

இனி, ஆசிரியருக்கு இதனை அறிமுகஞ் செய்வது எங்ஙனம்? சுற்றறிக்கையாலும் ஒருநாட் கருத்தரங்காலும் இது கைவராது. ஆசிரியர் மூவர் அல்லது நால்வர் ஒரு பிற்பகல் கூடி, மின்விசிறியை நிறுத்தி, கதவை அடைத்து, தமக்குப் பிடித்த பொருள் பற்றி ஐந்து நிமிடம் பேசிப் பதிந்து கேட்கட்டும். தம் குரலைக் கேட்டுத் தாமே வியப்பும் வெட்கமும் அடைந்த ஆசிரியரே, மாணாக்கரின் தயக்கத்தை அறிந்து வழிநடத்த வல்லவராவார். கணினி அறிந்த இளைய ஆசிரியரும் மொழியறிந்த மூத்த ஆசிரியரும் இதில் ஒருவருக்கொருவர் மாணாக்கராவர். பெறுமதிமிக்க ஒலிவாங்கிகள் பின்னர் வரலாம். அவை வரும்வரை காத்திருத்தல் வேண்டா.

விழாக் காணும் இவ்வேளையிலே பழைய மாணவர்களிடமும் ஒன்று வேண்டுகின்றோம். கட்டடமும் கணினியும் உவந்தளிக்கும் தாங்கள், தங்கள் நினைவுகளையும் அளித்தல் வேண்டும். மாணாக்கர் இருவர் வினாக்களோடு தங்களை நாடி வருவராயின், அரைமணி நேரம் அவர்களோடு அமர்ந்து, தாங்கள் கற்ற காலத்துக் கல்லூரியைப் பற்றிச் சொல்லுங்கள். கடல் கடந்து வாழ்வோர் அங்கிருந்தே பேசியனுப்பலாம். மூத்தோர் பலரின் குரல்கள் பதியப்படாமலே மறைந்துவிட்டன. எஞ்சியோரின் குரலையேனும் நம் பிள்ளைகள் தம் கையாற் பதிந்து, தம் செவியாற் கேட்டு, நல்ல தமிழிலே பிறருக்குச் சொல்லும் பணி இவ்விழா ஆண்டிலேயே தொடங்குவதாக.