பசுமையும் பசுமைப் பூச்சும்

ஒரு நிறுவனம் தன்னைப் "பசுமை நிறுவனம்" என்று அழைத்துக்கொள்வதற்கு இன்று பெரிதாக எதுவும் செலவாவதில்லை. ஓர் இலைச் சின்னம், ஆண்டறிக்கையில் பளபளப்பான சில பக்கங்கள், ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினத்தன்று ஒரு மரநடுகை விழா ஆகியவை போதும். நான் பத்திரிகைப் பணியிலிருந்த காலத்தில் இத்தகைய விழாக்கள் பற்றிய அறிக்கைகள் புகைப்படங்களுடன் தவறாமல் வந்துசேரும். எத்தனை கன்றுகள் நடப்பட்டன, அதிதிகள் யார் யார் என்ற விபரங்களெல்லாம் அவற்றில் இருக்கும். மூன்று வருடங்களின் பின்னர் அக்கன்றுகளில் எத்தனை உயிருடன் இருக்கின்றன என்று கூறும் அறிக்கை ஒன்றையேனும் நான் கண்டதில்லை.

பழுதான சுவருக்கு வெள்ளையடித்து மறைப்பதைப் போன்று, பழுதான தொழிலுக்குப் பச்சை வர்ணம் பூசுவதை ஆங்கிலத்தில் 'கிறீன்வோஷிங்' என்பார்கள். பசுமைப் பூச்சு என்று நாம் சொல்லலாம். 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இச்சொல்லைப் பயன்படுத்தினார். துவாய்களை மீண்டும் பயன்படுத்திப் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று விருந்தினரைக் கேட்டுக்கொண்ட ஹோட்டல்களே அவரது விமர்சனத்துக்கு இலக்காகின. சலவைச் செலவைக் குறைப்பதற்கான ஏற்பாடு சூழல் நேசமாக வேடமிட்டு நின்றதை அவர் சுட்டிக்காட்டினார்.

துவாயில் தொடங்கிய விவகாரம் பின்னர் எண்ணெய்க் கிணறு வரை சென்றது. பிரித்தானியாவின் பி.பி. கம்பனி 2000ஆம் ஆண்டில் பச்சையும் மஞ்சளுமான சூரியச் சின்னத்தை அறிமுகப்படுத்தி, பெற்றோலியத்துக்கு அப்பால் செல்வதாக விளம்பரம் செய்தது. அது முற்றுமுழுதான பொய் என்று கூறுவது நியாயமாகாது. அக்கம்பனி சூரியசக்தித் தகடுகளையும் தயாரித்தது. ஆனால், வருமானம் வந்ததும் முதலீடு போனதும் பிரதானமாக எண்ணெய்க்கும் எரிவாயுவுக்குமே. 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொறைசன் எண்ணெய் அகழ்வு மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் பலியாகினர். 87 நாட்கள் கடலில் எண்ணெய் கசிந்தது. சூரியசக்திப் பிரிவு 2011இல் மூடப்பட்டது. 2030ஆம் ஆண்டளவில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதத்தால் குறைப்பதாக 2020இல் அதே கம்பனி அறிவித்தது. 2023இல் அந்த இலக்கு 25 சதவீதமாகியது. 2025 பெப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, எண்ணெய், எரிவாயுவுக்கான முதலீடு அதிகரிக்கப்பட்டது. பத்து வருடங்களுக்கு அப்பால் வைக்கப்படும் வாக்குறுதியின் பெறுமதி என்ன என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஜேர்மனியின் வொக்ஸ்வேகன் விவகாரம் இதைவிடப் பாரதூரமானது. அங்கு நடந்தது மிகைப்படுத்தல் அல்ல, திட்டமிட்ட மோசடி. சுத்தமான டீசல் என்று அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில், பரிசோதனை நடைபெறுவதை உணர்ந்து அந்த நேரத்தில் மாத்திரம் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் பொருத்தப்பட்டிருந்தது. வீதியில் ஓடும்போது அவற்றுள் சில, அனுமதிக்கப்பட்ட அளவைவிட 40 மடங்கு வரையில் நைதரசன் ஒட்சைட்டுகளை வெளியேற்றின. 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இதனை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இது எவ்வாறு வெளிவந்தது என்பதுதான் முக்கியம். கம்பனியுடன் தொடர்பில்லாத ஆய்வாளர்கள், மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்து கார்களை வீதியில் ஓட்டி அளந்து பார்த்ததனாலேயே முதற் சந்தேகம் எழுந்தது.

அவ்வாறாயின் எல்லாமே வேடம்தானா? இல்லை. அமெரிக்காவின் இன்ரபேஸ் நிறுவனம் தரைவிரிப்புகளைத் தயாரிப்பது. மூலப்பொருளே பெற்றோலியத்திலிருந்து வரும் தொழில். அதன் நிறுவனர் றே அண்டர்சன் 1994இல், தமது தொழில் பூமியைச் சூறையாடுகிறது என்று பகிரங்கமாக ஏற்றுக்கொண்டு, சூழல் மீதான தீய தாக்கத்தை 2020இற்குள் இல்லாதொழிக்க இலக்கு வகுத்தார். அதற்காக உற்பத்தி முறையையே மாற்றினார்கள். பழைய மீன்பிடி வலைகளைப் பிலிப்பைன்ஸ் கரையோரக் கிராமங்களில் சேகரித்து நூலாக்கும் திட்டமும் 2012இல் தொடங்கியது. 2011இல் அண்டர்சன் காலமான பின்னரும் அப்பணி நிற்கவில்லை. தனது குறையை முதலில் தானே கூறிவிட்டு வேலையைத் தொடங்கும் நிறுவனத்தை நம்புவதற்கு இடமுண்டு.

இந்த அனுபவங்களிலிருந்து சில கேள்விகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, எதை அளந்தார்கள்? ஓர் எண்ணெய்க் கம்பனி தனது அலுவலக மின்சாரத்தைக் கணக்கிட்டுவிட்டு, விற்ற எண்ணெய் எரிவதால் எழும் புகையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்க் கணக்கே. இரண்டாவது, மொத்தப் புகை குறைந்ததா, அல்லது ஒரு பொருளுக்கான புகை மாத்திரம் குறைந்ததா? ஒரு சட்டைக்கான மாசு பாதியாகி, சட்டைகளின் எண்ணிக்கை மும்மடங்கானால் ஆற்றுக்கு நன்மையில்லை. மூன்றாவது, சரிபார்த்தவர் யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? நான்காவது, தானே மாசைக் குறைத்ததா, அல்லது எங்கோ ஒரு காட்டின் பெயரால் கார்பன் வரவுகளை விலைக்கு வாங்கியதா? ஐந்தாவதும் முக்கியமானதுமான கேள்வி, பணம் எங்கே போகிறது? விளம்பரம் ஒரு திசையையும் முதலீடு மறுதிசையையும் காட்டுமானால் முதலீட்டையே நம்பவேண்டும்.

இது எங்கோ தொலைவிலுள்ள விவகாரமல்ல. இலங்கையின் சீதுவையில் பழைய கட்டடம் ஒன்றை மாற்றியமைத்த பிராண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலை, 2008இல் அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சபையின் அதியுயர் பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. இவ்வாறான மாற்றங்களுக்கு மெய்யான பணம் செலவாகிறது. ஆனால், இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ கடையில் சட்டையைத் தெரிவுசெய்யும் ஒருவருக்கு, கழிவுநீரைச் சுத்திகரித்த தொழிற்சாலையின் சட்டையும், இலைச் சின்னத்தை மாத்திரம் அச்சிட்ட தொழிற்சாலையின் சட்டையும் ஒன்றுபோலவே தெரிகின்றன. செலவு செய்தவருக்கு அதற்கான விலை கிடைப்பதில்லை. பசுமைப் பூச்சினால் ஏமாறுபவர் நுகர்வோர் மாத்திரமல்லர். நேர்மையாகத் தொழில் செய்பவரும் அதனால் தோற்கடிக்கப்படுகிறார். என் பார்வையில் இதுவே பெரிய தீங்கு.

அளவுக்கு மீறி விமர்சித்தால் கம்பனிகள் நல்லதைச் செய்யவும் அஞ்சி மௌனமாகிவிடும் என்று வாதிடுவோர் உள்ளனர். இதில் ஓரளவு உண்மையுண்டு. எனவேதான், இலக்கைத் தவறவிட்டதை ஒளிக்காமல் சொல்லும் நிறுவனத்தையும் பொய்க் கணக்குக் காட்டும் நிறுவனத்தையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. முன்னதற்கு அவகாசம் கொடுக்கலாம். பின்னதற்குத் தண்டனைதான் பொருத்தம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புப் பணிப்புரை, ஆதாரமற்ற பொதுப்படையான சூழல் விளம்பரங்களையும், கார்பன் வரவுகளை வாங்கிவிட்டுத் தனது பொருள் சூழலைப் பாதிக்காதது என்று கூறுவதையும் தடைசெய்கிறது. 2026 செப்டெம்பர் 27 அதன் அமுலாக்கத் திகதியாக விதிக்கப்பட்டது. ஐரோப்பியச் சந்தையை நம்பியிருக்கும் இலங்கை ஏற்றுமதியாளர் இதனைச் சுமையாகக் கருதத் தேவையில்லை. உண்மையாகச் செலவு செய்தவருக்கு இது ஒரு பாதுகாப்பு.

சட்டம் மட்டும் போதாது. ஆண்டறிக்கையின் பசுமைப் பக்கங்களைப் படித்து முடித்தவுடன், அதே அறிக்கையின் நிதிக் கூற்றுகளையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் ஊடகத்துறையினருக்கு வரவேண்டும். முதலீட்டாளருக்கும் வாடிக்கையாளருக்கும் அது வரவேண்டும். வர்ணத்தை விசாரிப்பதை விட்டுவிட்டு, வர்ணத்துக்குக் கீழேயுள்ள சுவரை நாம் தட்டிப் பார்க்கத் தொடங்கவேண்டும்.